பாகிஸ்தான் கிரிக்கெட் உண்மையிலேயே சரிந்துவிட்டதா? இரு நாட்டு ரசிகர்களின் வாதங்களும் பதிவேடுகள் சொல்வதும்

புதுடெல்லி: துபாயில் 2025 செப்டம்பர் 21 அன்று ஆசியக் கோப்பை ‘சூப்பர் 4’ ஆட்டத்தில் பாகிஸ்தானை 6 விக்கெட் வித்தியாசத்தில் வென்ற பின், செய்தியாளர்களிடம் பேசிய இந்திய கேப்டன் சூர்யகுமார் யாதவ், இரு அணிகளையும் பரம எதிரிகள் என்று அழைப்பதை இனி நிறுத்திக்கொள்ளலாம் என்ற பொருள்படக் கருத்துத் தெரிவித்தார். ஏறத்தாழச் சமமாக மோதிக்கொள்ளும் அணிகளுக்கே அந்தச் சொல் பொருந்தும் என்பது அவரது வாதம். ஒரு வாரம் கழித்து நடைபெற்ற இறுதி ஆட்டம் அவரது கூற்றுக்குச் சான்றாகவே அமைந்தது. ஒரு விக்கெட் இழப்புக்கு 113 ரன்கள் என்ற வலுவான நிலையில் இருந்த பாகிஸ்தான், எஞ்சிய 9 விக்கெட்டுகளை 33 ரன்களுக்குள் பறிகொடுத்து 146 ரன்களில் சுருண்டது. அத்தொடரில் மட்டும் இந்தியாவிடம் அந்த அணி அடைந்த மூன்றாவது தோல்வி அது.

அந்தத் தொடரில் கைகுலுக்க மறுத்ததும், கோப்பையைப் பெற மறுத்ததும் அரசியல் சார்ந்த தனி விவகாரங்கள். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது இரு நாட்டு ரசிகர்களும் பல ஆண்டுகளாக விவாதித்துவரும் வேறொரு கேள்வியை. பாகிஸ்தான் அணி உண்மையிலேயே சரிந்துவிட்டதா? சரிந்தது எனில், எப்போதிலிருந்து, எதனால்?

இந்திய ரசிகரின் கணக்கு

இந்திய ரசிகர் முதலில் எடுத்துவைப்பது உலகக் கோப்பைக் கணக்கு. 50 ஓவர் உலகக் கோப்பைகளில் இரு அணிகளும் எட்டு முறை மோதி, எட்டிலும் இந்தியாவே வென்றது. 1992-ல் கோப்பையையே வென்ற இம்ரான் கான் அணியும் சிட்னியில் இந்தியாவிடம் தோற்றிருந்தது. 20 ஓவர் உலகக் கோப்பைகளில் 2024 வரை பாகிஸ்தான் வென்றது ஒரே ஒரு முறை. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் விக்கெட் இழப்பின்றி இலக்கை எட்டியதே அந்த வெற்றி.

அண்மைக் காலக் கணக்கு இதைவிடக் கடுமையானது. ஒருநாள் போட்டியில் இந்தியாவைப் பாகிஸ்தான் கடைசியாக வென்றது 2017 ஜூன் 18 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் நடைபெற்ற சாம்பியன்ஸ் டிராபி இறுதியில். ஃபகர் ஸமான் சதமடிக்க, 180 ரன்கள் வித்தியாசத்தில் அந்த வெற்றி கிட்டியது. 20 ஓவர் போட்டியில் கடைசி வெற்றி 2022 செப்டம்பர் 4 அன்று கிடைத்தது. அதன் பின் 2025 ஆசியக் கோப்பை முடியும் வரை, எந்த வடிவத்திலும் முதன்மை ஆடவர் அணி இந்தியாவை வெல்லவில்லை.

எல்லைக்கு அப்பாலுள்ள ரசிகரின் கணக்கு

பாகிஸ்தான் ரசிகர் வேறொரு பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார். 2025 தொடக்கம் வரை இரு அணிகளும் ஆடிய 136 ஒருநாள் போட்டிகளில் பாகிஸ்தான் வென்றவை 73, இந்தியா வென்றவை 58. டெஸ்ட் போட்டிகளில் பாகிஸ்தானுக்கு 12 வெற்றிகள், இந்தியாவுக்கு 9. இத்தனை ஆண்டுகள் தொடர்ந்து தோற்ற பிறகும் ஒட்டுமொத்தக் கணக்கில் முன்னணியில் நிற்பது நாங்களே என்பது அவரது பதில்.

இந்தப் பதிலில் உண்மை உண்டு. அதிலேயே ஒரு வேதனையும் உண்டு. அந்த 73-ல் பெரும்பகுதி 1980-களிலும் 1990-களிலும் சேர்ந்தவை. 1986 ஏப்ரலில் ஷார்ஜாவில் சேத்தன் சர்மாவின் கடைசிப் பந்தை ஜாவேத் மியான்தத் சிக்சருக்கு அனுப்பிய பிறகு, அந்த மைதானத்தில் பாகிஸ்தானை எதிர்கொள்வதென்றாலே இந்திய ரசிகருக்கு ஒரு கலக்கம் இருந்தது. வாசிம் அக்ரமும் வக்கார் யூனிஸும் பந்துவீசிய காலத்தில், இந்தியத் தரப்பில் ‘இது சமமான மோதல்தானா’ என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் பாகிஸ்தானியர்கள். அன்று அவர்கள் அவ்வாறு கேட்டிருந்தால் நமக்கு எவ்வாறு இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆக, இரு தரப்பும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. இந்திய ரசிகர் பாகிஸ்தானை இன்றைய இந்தியாவுடன் ஒப்பிடுகிறார். பாகிஸ்தான் ரசிகரோ அதனை அதன் கடந்த காலத்துடன் ஒப்பிடுகிறார். முதல் ஒப்பீட்டில் ஒரு குறை உள்ளது. இந்தியா இக்காலத்தில் பெற்ற வளர்ச்சியும் அந்தத் தோல்விகளில் கலந்திருக்கிறது. 2024-ல் 20 ஓவர் உலகக் கோப்பை, 2025-ல் சாம்பியன்ஸ் டிராபி, ஆசியக் கோப்பை என வரிசையாக வென்ற அணியிடம் தோற்பதை மட்டும் கொண்டு ஓர் அணி சரிந்துவிட்டது என்று தீர்ப்பெழுத முடியாது. சரிவை அறிய இந்தியா இடம்பெறாத ஆட்டங்களையே பார்க்க வேண்டும்.

இந்தியா இல்லாத ஆட்டங்கள்

2023 அக்டோபர் 23 அன்று சென்னை சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் 282 ரன்கள் எடுத்தது. ஆப்கானிஸ்தான் இரண்டே விக்கெட்டுகளை இழந்து அந்த இலக்கைக் கடந்தது. ஒருநாள் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆப்கானிஸ்தான் பெற்ற முதல் வெற்றி அது. அந்த உலகக் கோப்பையில் நான்கு வெற்றி, ஐந்து தோல்விகளுடன் பாகிஸ்தான் ஐந்தாம் இடத்தோடு நாடு திரும்பியது.

2024 ஜூன் 6 அன்று டல்லாஸில், முதன்முறையாக 20 ஓவர் உலகக் கோப்பையில் ஆடிய அமெரிக்காவிடம் சூப்பர் ஓவரில் தோல்வி. மூன்று நாள் கழித்து நியூயார்க்கில் இந்தியாவுக்கு எதிராக 120 ரன் இலக்கை எட்ட முடியாமல் 6 ரன் வித்தியாசத்தில் தோல்வி. முதல் சுற்றோடு அணி வெளியேறியது.

எல்லாவற்றிலும் ஆழமான காயம் ராவல்பிண்டியில் ஏற்பட்டது. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்துக்கு எதிரான முதல் டெஸ்டில் பாகிஸ்தான் 6 விக்கெட் இழப்புக்கு 448 ரன்கள் எடுத்து டிக்ளேர் செய்தது. முகமது ரிஸ்வான் 171 ரன்களுடன் களத்தில் இருந்தார். ஆடுகளம் வேகப்பந்து வீச்சுக்கு உதவும் என்று கணித்து, முழுநேரச் சுழற்பந்து வீச்சாளர் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் நான்கு வேகப்பந்து வீச்சாளர்களுடன் அணி இறங்கியது. வங்கதேசம் 565 ரன்கள் குவித்தது. கடைசி நாளில் ஷகிப் அல் ஹசனும் மெஹிதி ஹசன் மிராஸும் அதே ஆடுகளத்தில் பந்தைச் சுழற்ற, பாகிஸ்தான் 146 ரன்களுக்கு ஆட்டமிழந்து 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அதுவரை வங்கதேசம் ஒரு டெஸ்டிலும் பாகிஸ்தானை வென்றதில்லை. அடுத்த டெஸ்டையும் வென்று தொடரை 2-0 எனக் கைப்பற்றியது.

அக்டோபரில் முல்தானில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 556 ரன்கள் எடுத்தும் பாகிஸ்தான் இன்னிங்ஸ் தோல்வி அடைந்தது. ஹாரி புரூக் முச்சதமும் ஜோ ரூட் 262 ரன்களும் எடுக்க, இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 823 ரன்கள் குவித்தது. அந்தத் தோல்வியையும் சேர்த்தால், 2021 பிப்ரவரிக்குப் பிறகு சொந்த மண்ணில் ஆடிய 11 டெஸ்டுகளில் பாகிஸ்தான் ஒன்றைக்கூட வெல்லவில்லை. 2023-25 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் பட்டியலில் ஒன்பது அணிகளில் ஒன்பதாம் இடமே கிடைத்தது. 2016 ஆகஸ்டில் மிஸ்பா உல் ஹக் தலைமையில் டெஸ்ட் தரவரிசையில் முதலிடம் பெற்ற அணி இது. எட்டரை ஆண்டுகளில் நேர்ந்த இந்த மாற்றத்துக்கு இந்தியா காரணமல்ல.

2025 சாம்பியன்ஸ் டிராபி இதன் உச்சம். 1996-க்குப் பிறகு முதன்முறையாகப் பாகிஸ்தானுக்கு ஐசிசி போட்டி ஒன்றை நடத்தும் வாய்ப்பு கிடைத்தது, மைதானங்கள் புதுப்பிக்கப்பட்டன. பிப்ரவரி 19 அன்று கராச்சியில் நியூசிலாந்திடமும், 23 அன்று துபாயில் இந்தியாவிடமும் தோற்ற பாகிஸ்தான், மறுநாளே போட்டியிலிருந்து வெளியேறுவது உறுதியானது. வங்கதேசத்துடனான ஆட்டம் மழையால் கைவிடப்பட, போட்டியை நடத்திய அணி ஒரு வெற்றிகூடப் பெறாமல் முடித்தது.

வாரியத்தின் சுழல்நாற்காலி

ஏன் என்ற கேள்விக்கு வந்தால், விந்தையாக இரு நாட்டு ரசிகர்களும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. அது பாகிஸ்தான் கிரிக்கெட் வாரியம்.

வாரியத்தின் புரவலர் நாட்டின் பிரதமர். எனவே இஸ்லாமாபாத்தில் ஆட்சி மாறினால் லாகூரில் வாரியத் தலைமையும் மாறுவது வழக்கமாகிவிட்டது. 2021 செப்டம்பரில் பொறுப்பேற்ற ரமீஸ் ராஜா 2022 டிசம்பரில் நீக்கப்பட்டார். அவரையடுத்து நஜம் சேத்தி, ஸகா அஷ்ரஃப் ஆகியோர் சில மாதங்கள் மட்டுமே பதவி வகித்தனர். 2024 பிப்ரவரியில் மொஹ்சின் நக்வி வந்தார். அடுத்த மாதமே அவர் நாட்டின் உள்துறை அமைச்சரும் ஆனார். ஒரு நாட்டின் உள்நாட்டுப் பாதுகாப்பையும் அதன் கிரிக்கெட் அணியையும் ஒருவரே கவனிக்க முடியுமா என்ற கேள்வியை அந்நாட்டு ரசிகர்களே எழுப்பிவருகின்றனர்.

மேலே நாற்காலி சுழலும்போது கீழேயும் அதிர்வு பரவுகிறது. 2023 உலகக் கோப்பைக்குப் பின் பாபர் அஸம் கேப்டன் பதவியைத் துறந்தார். 20 ஓவர் அணிக்குத் தலைமையேற்ற ஷாஹீன் ஷா அஃப்ரிடிக்கு நியூசிலாந்தில் ஒரே ஒரு தொடர் மட்டும் வழங்கப்பட்டது. மீண்டும் பாபர் வந்தார். 2024 அக்டோபரில் மீண்டும் விலகினார். ரிஸ்வான் வந்தார். 2025-ல் 20 ஓவர் பொறுப்பு சல்மான் அலி ஆகாவுக்கும், ஒருநாள் பொறுப்பு ஷாஹீனுக்கும் சென்றது. வரிசையை நினைவில் வைத்துக்கொள்வதே கடினம் என்பது செய்தி மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருப்போருக்கு நன்கு தெரியும்.

பயிற்சியாளர்கள் கதையும் அதுவே. 2011-ல் இந்தியாவை உலகக் கோப்பை வெற்றிக்கு வழிநடத்திய கேரி கிர்ஸ்டன், 2024 ஏப்ரலில் பாகிஸ்தானின் ஒருநாள், 20 ஓவர் அணிகளுக்குப் பயிற்சியாளரானார். அக்டோபரில் பதவி விலகியபோது, அவர் பொறுப்பில் அந்த அணி ஓர் ஒருநாள் போட்டியில்கூட ஆடியிருக்கவில்லை. டெஸ்ட் பயிற்சியாளர் ஜேசன் கில்லெஸ்பி டிசம்பரில் விலகினார். இந்திய ரசிகர் இந்த இடத்தில் சற்றுப் பெருமிதம் கொள்வார். அதே கிர்ஸ்டனுக்கு இந்தியாவில் மூன்று ஆண்டுகள் வழங்கப்பட்டன என்பதே இரு வாரியங்களுக்கும் இடையிலான வேறுபாடு.

உள்ளூர்க் கட்டமைப்பு

அதிகம் பேசப்படாதது, ஆனால் ஒருவேளை அதிகம் பாதித்தது உள்நாட்டுக் கிரிக்கெட். பாகிஸ்தானில் பல பத்தாண்டுகளாக வங்கிகள், விமான நிறுவனம், ரயில்வே, எரிவாயு நிறுவனங்கள் போன்றவை சொந்த அணிகளை வைத்திருந்தன. வீரருக்கு மாதச் சம்பளம், ஆடி முடித்த பிறகு நிரந்தர வேலை என்ற உறுதி அதில் இருந்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதன்று. சென்னை லீக் கிரிக்கெட்டும் நிறுவன அணிகளைச் சார்ந்தே வளர்ந்தது.

2019-ல், பிரதமராக இருந்த இம்ரான் கானின் விருப்பப்படி இம்முறை கைவிடப்பட்டது. ஆஸ்திரேலிய முறையைப் பின்பற்றி ஆறு மாகாண அணிகள் மட்டும் முதல்தரப் போட்டிகளில் ஆடும் என அறிவிக்கப்பட்டது. அணிகள் குறைந்தால் போட்டி கூர்மையாகும் என்பது கொள்கை. நூற்றுக்கணக்கான வீரர்கள் வருமானம் இழந்தனர் என்பது எதிர்த்தரப்பு வாதம். புதிய முறையின் பலனை அளந்து பார்க்கும் முன்பே ஆட்சி மாறியது. 2023-ல் வட்டார அணிகளும் நிறுவன அணிகளும் திரும்பக் கொண்டுவரப்பட்டன. 2024-ல் அவற்றுக்கு மேல் ‘சாம்பியன்ஸ் கோப்பை’ என ஐந்து அணிகள் கொண்ட புதிய அடுக்கு ஒன்று உருவாக்கப்பட்டு, மிஸ்பா, வக்கார், சக்லைன் முஷ்டாக், ஷோயிப் மாலிக், சர்ஃபராஸ் அகமது ஆகியோர் வழிகாட்டிகளாக நியமிக்கப்பட்டனர். எந்த முறை சிறந்தது என்பதில் பாகிஸ்தானிய ரசிகர்களிடையே கருத்தொற்றுமை இல்லை. ஆனால் ஐந்தாண்டுக்குள் மூன்று முறைகளைக் கண்ட ஓர் இளம் வீரர் எதை நம்பி ஆடுவார்?

தனிமையின் விலை

இங்குதான் விவாதம் சூடேறும். இந்தியாவால் நாங்கள் தனிமைப்படுத்தப்பட்டோம் என்று பாகிஸ்தான் ரசிகர் கூறுவார். அது உங்கள் நாட்டின் செயல்களுக்கான விளைவு என்று இந்திய ரசிகர் பதில் சொல்வார்.

நிகழ்வுகள் இவை. 2008-ல் நடைபெற்ற முதல் ஐபிஎல் தொடரில் பாகிஸ்தான் வீரர்கள் ஆடினர். ராஜஸ்தான் ராயல்ஸின் சொஹைல் தன்வீர் அத்தொடரில் அதிக விக்கெட்டுகளை வீழ்த்தினார். சென்னை சூப்பர் கிங்ஸுக்கு எதிராக 14 ரன்களுக்கு அவர் எடுத்த 6 விக்கெட்டுகள் பல ஆண்டுகள் ஐபிஎல் சாதனையாக நீடித்தன. அவ்வாண்டு நவம்பரில் மும்பை மீது பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது. அதன் பின் பாகிஸ்தான் வீரர்களுக்கு ஐபிஎல் கதவு திறக்கவில்லை. 2009 மார்ச் 3 அன்று லாகூரில் இலங்கை அணியின் பேருந்து மீது தாக்குதல் நடத்தப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளுக்குப் பாகிஸ்தானின் ‘சொந்த’ டெஸ்டுகள் பெரும்பாலும் ஐக்கிய அரபு அமீரகத்தின் காலி இருக்கைகளுக்கு முன்னால் நடைபெற்றன. 2010-ல் லார்ட்ஸ் டெஸ்டில் வேண்டுமென்றே நோ-பால் வீசிய சூதாட்ட விவகாரத்தில் சல்மான் பட், முகமது ஆசிஃப், முகமது ஆமிர் ஆகியோர் தடைக்கும் பின்னர் சிறைத் தண்டனைக்கும் உள்ளாகினர்.

ஆயினும் தனிமை மட்டுமே சரிவுக்குக் காரணம் என்ற வாதம் பதிவேடுகளுடன் முழுமையாகப் பொருந்தவில்லை. 2009-ல் லாகூர் தாக்குதலுக்கு மூன்றே மாதங்கள் கழித்து பாகிஸ்தான் 20 ஓவர் உலகக் கோப்பையை வென்றது. அமீரகத்தில் ஆடிய காலத்திலேயே இங்கிலாந்தை 3-0 என வென்றது. டெஸ்டில் முதலிடமும் பெற்றது. மிகக் கடுமையான தோல்விகள் வந்தது, 2019-ல் டெஸ்ட் கிரிக்கெட் தாயகம் திரும்பிய பிறகே.

பணத்தின் பங்கை மறுப்பதற்கில்லை. 2024-27 காலத்துக்கான ஐசிசி வருவாய்ப் பங்கீட்டில் இந்தியாவுக்கு 38.5 சதவீதம், பாகிஸ்தானுக்கு 5.75 சதவீதம் என்று செய்திகள் வெளியாகின. தென்னாப்பிரிக்காவின் எஸ்ஏ20 லீக்கில் ஆறு அணிகளின் உரிமையாளர்களும் ஐபிஎல் அணிகளை நடத்துவோரே. ஐபிஎல்லில் ஒவ்வோர் ஆண்டும் உலகின் சிறந்த பந்துவீச்சை எதிர்கொள்ளும் இருபது வயது இந்தியருக்கும், அந்த வாய்ப்பில்லாத லாகூர் இளைஞருக்கும் இடையிலான இடைவெளி திறமையால் மட்டும் ஏற்பட்டதன்று. இதை இந்திய ரசிகர்களில் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

சரிவுக்குள் எழுச்சிகள்

முல்தானில் இன்னிங்ஸ் தோல்வியடைந்த அடுத்த வாரமே பாகிஸ்தான் ஒரு விசித்திரமான முடிவெடுத்தது. பாபர், ஷாஹீன், நசீம் ஷா மூவரும் நீக்கப்பட்டனர். 823 ரன்கள் குவிக்கப்பட்ட அதே ஆடுகளம், மின்விசிறிகளால் உலர்த்தப்பட்டு, இரண்டாவது டெஸ்டுக்கும் பயன்படுத்தப்பட்டது. இங்கிலாந்தின் 20 விக்கெட்டுகளையும் நோமன் அலி, சாஜித் கான் என்ற இரு சுழற்பந்து வீச்சாளர்களே பகிர்ந்துகொண்டனர். தொடர் 2-1 எனப் பாகிஸ்தான் வசமானது. அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவில் 2002-க்குப் பிறகு முதன்முறையாக ஒருநாள் தொடரை வென்றது. டிசம்பரில் தென்னாப்பிரிக்காவை அதன் மண்ணிலேயே 3-0 என வீழ்த்தியது. 2022-ல் 20 ஓவர் உலகக் கோப்பை இறுதி வரை சென்ற அணியும் இதுவே.

2015 உலகக் கோப்பையின்போது, வெற்றிக்காகப் பட்டாசுகளுடன் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பாகிஸ்தான் ரசிகரைக் கேலி செய்த இந்தியத் தொலைக்காட்சி விளம்பரம் பலருக்கு நினைவிருக்கலாம். 2021-ல் துபாய் தோல்விக்குப் பின் அதே விளம்பர வாசகத்தை எல்லைக்கு அப்பாலிருந்து நமக்கே திருப்பி அனுப்பினார்கள்.

பாகிஸ்தான் ரசிகர்களின் உண்மையான அச்சம் இந்தியாவிடம் தோற்பது குறித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் அடிக்கடி சுட்டுவது தம் நாட்டின் ஹாக்கியை. மூன்று ஒலிம்பிக் தங்கம், நான்கு உலகக் கோப்பை வென்ற பாகிஸ்தான் ஹாக்கி அணி, 2016, 2020, 2024 ஒலிம்பிக் போட்டிகளுக்குத் தகுதிகூடப் பெறவில்லை. அங்கும் தொடக்கத்தில் நிர்வாகச் சண்டைகளும், பின்னர் ரசிகர்களின் ஏளனமும், இறுதியில் அக்கறையின்மையும் வந்தன. கிரிக்கெட்டில் இன்னும் சண்டை நடக்கிறது என்பதே இப்போதைக்கு ஆறுதல்.

சேப்பாக்கத்தின் சாட்சியம்

1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் 271 ரன்கள் என்ற இலக்கை விரட்டிய இந்தியா, முதுகுவலியோடு ஆடிய சச்சின் டெண்டுல்கரின் 136 ரன்களால் வெற்றியின் வாசல் வரை சென்றது. வெற்றிக்கு 17 ரன்கள் இருந்தபோது சச்சின் ஆட்டமிழக்க, எஞ்சிய விக்கெட்டுகள் நான்கு ரன்களுக்குள் சரிந்தன. 12 ரன்கள் வித்தியாசத்தில் வென்ற வாசிம் அக்ரம் அணிக்கு அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தை வலம்வந்து அதை ஏற்றுக்கொண்டனர்.

இரு நாடுகளுக்கு இடையிலான கடைசி இருதரப்புத் தொடர் 2012 டிசம்பர், 2013 ஜனவரி மாதங்களில் நடைபெற்றது. அதன் முதல் ஒருநாள் போட்டியும் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. தோனி சதமடித்தும் பாகிஸ்தானே வென்றது. 2023 உலகக் கோப்பையில் ஆப்கானிஸ்தானிடம் தோற்ற நான்காம் நாள், அக்டோபர் 27 அன்று, அதே மைதானத்தில் தென்னாப்பிரிக்காவிடம் பாகிஸ்தான் ஒரு விக்கெட் வித்தியாசத்தில் வீழ்ந்தது. அந்த ஆட்டத்தைக் காண அந்நாட்டு ரசிகர்கள் பெரும்பாலோருக்கு விசா கிடைக்கவில்லை. 2024 டிசம்பரில் ஐசிசி அறிவித்த ஏற்பாட்டின்படி, இவ்விரு நாடுகளில் எது ஐசிசி போட்டியை நடத்தினாலும், 2027 வரை இந்தியா-பாகிஸ்தான் ஆட்டங்கள் பொதுவான மைதானங்களிலேயே நடைபெறும்.